பனிமலையில் ஒரு விதைக் களஞ்சியம்

காகத்தை அறியாதவர் நம்மில் யார்? மதிய இடைவேளையில் நாம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறப்பதற்கு முன்பே மதில்மேல் வந்து உட்கார்ந்து, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கும் அந்தக் கறுப்பு விருந்தாளியை நாம் எல்லோரும் அறிவோம். கையில் கிடைத்த வடைத் துண்டை அது எப்போதும் உடனே தின்றுவிடுவதில்லை. சில சமயம் கூரை ஓட்டின் இடுக்கில் செருகி, அதன்மேல் ஒரு சருகையும் இழுத்துப் போட்டுவிட்டுப் பறந்துவிடும். சற்றுப் பொறுத்து வந்து, தடுமாறாமல் அதே ஓட்டுக்கு அடியிலிருந்து அதை எடுத்துத் தின்னும்.

"அதற்கு எப்படி சிஸ்டர் இடம் நினைவிருக்கிறது?" என்று எங்கள் வகுப்பில் ஒருத்தி ஒருநாள் கேட்டாள். சிஸ்டர் சிரித்தார்கள். "ஒரு வடைத் துண்டுக்கே இவ்வளவு ஆச்சரியமா? ஒரே ஆண்டில் முப்பதாயிரம் விதைகளை ஒளித்து வைக்கும் காக்கை உறவு ஒன்று இருக்கிறது. நூலகத்தில் தேடிப் பாருங்கள்" என்றார்கள். தேடினோம். நாங்கள் படித்து வியந்ததை நீங்களும் அறிய வேண்டாமா? அதனால்தான் இக்கட்டுரை.

அந்தப் பறவையின் பெயர் கிளார்க் நட்கிராக்கர். தமிழில் 'கொட்டை உடைப்பான்' என்று சொல்லிக்கொள்ளலாம். வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து தெற்கே நியூ மெக்சிகோ வரை நீண்டு கிடக்கும் ராக்கி மலைத்தொடரிலும், கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைகளிலும் இது வாழ்கிறது. காகக் குடும்பத்தைச் சேர்ந்ததே ஆயினும், நம் காகத்தைவிடச் சற்றுச் சிறியது. எடை ஏறக்குறைய 130 கிராம். உடல் சாம்பல் நிறம். இறகுகள் கருமை, அவற்றில் ஒரு வெள்ளைத் திட்டு. வாலின் ஓரங்களும் வெள்ளை. ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். குரலைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள்! காகக் குலம் அல்லவா, கரகரவென்று கத்தும்.

அதன் பெயரில் உள்ள கிளார்க் யார் தெரியுமா? அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தாமஸ் ஜெபர்சன், அந்நாட்டின் மேற்கே என்ன இருக்கிறது என்று கண்டறிய லூயிஸ், கிளார்க் என்னும் இருவர் தலைமையில் ஒரு குழுவை அனுப்பினார். 1805-ஆம் ஆண்டு ஆகஸ்டு 22-ஆம் நாள், இன்றைய ஐடஹோ மாநிலத்தில், வில்லியம் கிளார்க் இப்பறவையைப் பார்த்துத் தம் நாட்குறிப்பில் எழுதினார். பைன் கூம்பைக் கொத்தித் தின்றதைக் கண்டு, அதை மரங்கொத்தி இனம் என்று எண்ணிவிட்டார். 1811-இல் அலெக்சாண்டர் வில்சன் என்ற பறவையியல் அறிஞர்தாம் இது காக இனம் என்று கண்டு, கிளார்க்கின் பெயரையே சூட்டினார். தவறாக அடையாளம் கண்டவரின் பெயர் நிலைத்துவிட்டது. அதில் எங்களுக்குக் கொஞ்சம் ஆறுதல். எங்கள் விலங்கியல் விடைத்தாள்கள் அப்படி!

இனி, பறவையின் கதைக்கு முன் ஒரு மரத்தின் கதையைச் சொல்லியாக வேண்டும். அந்த மரம் இல்லாமல் இந்தப் பறவையின் கதை பாதிக் கதைதான்.

உயர்ந்த மலைகளில் ஏற ஏற, ஓர் எல்லைக்கு மேல் மரங்களே இரா. பாறையும் பனியும் மட்டுமே இருக்கும். அந்த எல்லையை ஒட்டி, வேறு மரங்கள் எளிதில் நிற்கமுடியாத காற்றிலும் குளிரிலும் முறுக்கிக்கொண்டு நிற்பது வெண்பட்டைப் பைன் என்னும் மரம். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த மரங்களும் உண்டு. பொதுவாகப் பைன் மரத்தின் கூம்பு முற்றியதும் செதில்கள் தாமே விரியும். மெல்லிய சிறகு முளைத்த விதைகள் காற்றில் சுழன்று பறந்துபோய் விழும். வெண்பட்டைப் பைனுக்கு இந்த இரண்டுமே இல்லை. அதன் ஊதா நிறக் கூம்பு தானாகத் திறப்பதில்லை. விதைக்குச் சிறகும் இல்லை. பட்டாணி போலப் பருத்த விதை அது. அதன் பருப்பில் ஏறக்குறையப் பாதி கொழுப்புச் சத்து. காற்று தூக்கிச் செல்ல முடியாத கனம். கூம்போடு கீழே விழுந்தால் தாய்மரத்தின் நிழலிலேயே மக்கிப்போகும், அல்லது எலிக்கு இரையாகும். அப்படியானால் இந்த மரம் எப்படிப் பரவுகிறது?

இங்கேதான் கொட்டை உடைப்பான் வருகிறது.

கோடையின் கடைசியில், ஆகஸ்டு மாதக் கடைசி வாக்கில், கூம்புகள் முற்றும். உளி போன்ற நீண்ட கூரிய அலகால் பறவை கூம்பின் செதில்களை உடைத்து விதைகளை ஒவ்வொன்றாக உருவும். உருவிய விதையை அலகில் வைத்துத் 'தட்தட்' என்று தட்டிப் பார்க்கும். நம் வீட்டுப் பெரியவர்கள் சந்தையில் தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்குவார்களே, அதைப் போலத்தான்! கனமும் ஒலியும் சரியில்லை என்றால் சொத்தை என்று எறிந்துவிடும். நல்ல விதையானால் தலையைச் சற்று நிமிர்த்தி உள்ளே தள்ளும். விழுங்குவதற்கு அன்று. அதன் நாக்கின் அடியில் ஒரு பை இருக்கிறது. வேறு காக இனங்கள் தொண்டையில் கொஞ்சம் உணவை அடக்கி எடுத்துச் செல்வதுண்டு. ஆனால் நாக்கின் அடியிலே வாய் திறந்து, கழுத்தில் தொங்கும் இப்படிப்பட்ட பை கொட்டை உடைப்பான் இனத்திற்கே உரியது. அதில் 150 வெண்பட்டைப் பைன் விதைகள் வரை கொள்ளும். நிரம்பியபோது கழுத்து புடைத்துக் கொண்டு, தாளம்மை வந்த குழந்தைபோல் தோன்றுமாம். அந்தச் சுமை பறவையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு ஆகிவிடும். நாற்பது கிலோ எடையுள்ள நம்மில் ஒருத்தி எட்டுக் கிலோ புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு மலை ஏறுவதுபோல. அதாவது, நாம் தினமும் செய்வதுதான் என்கிறாள் என் பக்கத்தில் இருப்பவள்!

பை நிரம்பியதும் பறந்துபோகும். சில சமயம் அருகில் உள்ள சரிவுக்கு. சில சமயம் 20 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள சரிவுக்கு. அங்கே இறங்கி, அலகால் மண்ணைக் கீறி, பையிலிருந்து மூன்று நான்கு விதைகளை மேலே கொண்டுவந்து, இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில் புதைத்து மூடும். சில குழிகளில் ஒரே ஒரு விதை இருக்கும். சிலவற்றில் பத்துப் பதினைந்துகூட இருக்கும். மூடிய பிறகு சருகையோ சிறு கல்லையோ மேலே தள்ளிவிட்டு நகரும். சில அடி தூரத்தில் அடுத்த குழி. பை காலியாகும் வரை இதே வேலை. பிறகு மீண்டும் மரத்துக்கு. முதல் பெரும் பனி விழும் வரை, நாள் முழுவதும், வாரக் கணக்கில் இப்படியே உழைக்கும். நல்ல விளைச்சல் உள்ள ஆண்டில் ஒரே பறவை முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட விதைகளை ஒளித்து வைக்கிறது என்று ஆராய்ச்சியாளர் கணக்கிட்டிருக்கிறார்கள். குழிக்கு நான்கு விதை என்று வைத்துக்கொண்டாலும் ஏழாயிரம் குழிகளுக்கு மேல் வருகிறது.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு கணக்கு உண்டு. தெற்கு நோக்கிய சரிவுகளையும், காற்று பனியை அடித்துச் சென்றுவிடும் முகடுகளையும் அது விரும்புகிறது. வெயில் படும் அந்த இடங்களில்தான் பனி மெல்லியதாக இருக்கும்; முதலில் உருகுவதும் அங்கேதான்.

சரி, ஒளித்து வைப்பது பெரிதல்ல, திரும்ப எடுப்பதுதானே பெரிது? இதைப் படித்த வாரத்திலேயே நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு பரீட்சை செய்து பார்த்தோம். பள்ளித் தோட்டத்தில் ஆளுக்கு இருபது இடங்களில் புளியங்கொட்டைகளைப் புதைத்தோம். எழுதி வைக்கக் கூடாது, குச்சி நடக் கூடாது என்பது விதி. மூன்று வாரம் கழித்துத் தேடினோம். எங்களுள் கெட்டிக்காரி என்று பெயர் எடுத்தவள் பதினொன்றைக் கண்டுபிடித்தாள். மற்றவர்கள் எண்ணிக்கையை இங்கே எழுதவேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. தோட்டக்காரத் தாத்தாவிடம் திட்டு வாங்கியது தனிக் கதை. இத்தனைக்கும் எங்கள் தோட்டத்தில் பனி விழவில்லை. மேலே மூன்று அடி வெள்ளைப் போர்வை போர்த்தி எல்லா அடையாளத்தையும் அழித்துவிடவும் இல்லை.

பறவை எப்படிக் கண்டுபிடிக்கிறது? மோப்பத்தினால் இருக்கலாம், அல்லது கண்ட இடத்தில் எல்லாம் கிளறிப் பார்த்து அதிர்ஷ்டத்தால் எடுக்கலாம் என்று முதலில் சிலர் எண்ணினார்கள். இதைத் தீர்த்து வைத்தது ஸ்டீபன் வாண்டர் வால் என்ற அறிஞர் 1982-இல் வெளியிட்ட ஆராய்ச்சி. அவர் மண் பரப்பிய ஒரு பெரிய அறையில் பறவைகளை விட்டார். சில பறவைகள் விதைகளைப் புதைத்தன. பிறகு அவற்றையும், எதையும் புதைக்காத வேறு பறவைகளையும் தேடவிட்டார். புதைத்தவை நேரே போய் எடுத்தன. புதைக்காதவைக்குத் தற்செயலாக ஒன்றிரண்டுதான் அகப்பட்டன. மோப்பம்தான் வழிகாட்டி என்றால் எல்லாப் பறவைக்கும் அல்லவா கிடைத்திருக்க வேண்டும்?

அடுத்து அவர் செய்ததுதான் எங்களுக்கு மிகவும் பிடித்தது. அறையில் அங்கங்கே கல், கட்டை முதலிய பொருள்கள் இருந்தன. பறவைகள் விதையைப் புதைத்த பிறகு, அறையின் ஒரு பாதியில் இருந்த பொருள்களை மட்டும் 20 சென்டிமீட்டர் நகர்த்தி வைத்தார். விதைகளைத் தொடவில்லை. என்ன நடந்தது? நகர்த்தாத பக்கத்தில் பறவைகள் குறி தவறாமல் எடுத்தன. நகர்த்திய பக்கத்தில் அதே 20 சென்டிமீட்டர் தள்ளிப் போய்க் கொத்தி ஏமாந்தன! ஆக, அந்தப் பறவை மண்ணைப் பார்க்கவில்லை. சுற்றி நிற்கும் பாறை, மரம், கட்டை இவற்றிலிருந்து எவ்வளவு தூரம், எந்தத் திசை என்று மனத்தில் அளந்து வைத்திருக்கிறது. சிறு கூழாங்கல் பனியில் மூழ்கும்; பெரிய பாறையும் மரமும் தலையை வெளியே நீட்டிக்கொண்டுதானே நிற்கும்.

ஆலன் காமில், ஜோன்ஸ் என்ற இருவர் 1997-இல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். இரண்டு அடையாளப் பொருள்களுக்குச் சரியாக நடுவில் விதையைப் புதைத்துப் பறவைகளைப் பழக்கினார்கள். பிறகு அப்பொருள்களுக்கு இடையே உள்ள தூரத்தைக் கூட்டியும் குறைத்தும் வைத்தார்கள். புதிய தூரங்களிலும் பறவை நடுவிலேயே போய்த் தோண்டியது. நாம் கணக்குப் பாடத்தில் சூத்திரம் போட்டுக் கண்டுபிடிக்கும் நடுப்புள்ளியை இது கண்ணாலேயே கண்டுபிடிக்கிறது. இதைப் படித்தபோது எங்களில் சிலருக்கு வெட்கமாக இருந்தது உண்மை.

எத்தனை நாள் நினைவிருக்கும் என்பதையும் சோதித்தார்கள். ரஸல் பால்டா என்ற அறிஞரும் காமிலும் 1992-இல் வெளியிட்ட முடிவின்படி, 285 நாட்கள் கழித்தும், அதாவது ஒன்பது மாதங்களுக்குப் பிறகும், இப்பறவைகள் தாம் புதைத்த இடங்களை நினைவு வைத்திருந்தன. மூளையில் இட நினைவுக்கு உரிய பகுதி ஹிப்போகாம்பஸ் என்பது. விதையை அவ்வளவாகச் சேமிக்காத மற்ற உறவினப் பறவைகளோடு ஒப்பிட்டால் கொட்டை உடைப்பானுக்கு அந்தப் பகுதி பெரியது.

இவ்வளவு நினைவும் எதற்கு? தன் வயிற்றுக்கு மட்டுமா? இல்லை, குஞ்சுகளுக்காகவும்தான். மற்றப் பறவைகள் வசந்தத்தில் புழு பூச்சிகள் பெருகிய பிறகு கூடு கட்டும். கொட்டை உடைப்பானோ மார்ச்சு மாத வாக்கிலேயே, சில இடங்களில் அதற்கும் முன்பே, மலை முழுவதும் வெண்பனி மூடியிருக்கும்போதே கூடு கட்டத் தொடங்கிவிடுகிறது. காற்று படாத கிளைமேல் சுள்ளிகளை அடுக்கி, உள்ளே மரப்பட்டை நார், புல், பாசி இவற்றைக் கனமாக மெத்தை போல் வைத்து, இரண்டு முதல் நான்கு முட்டைகள் இடும். சுற்றிலும் நீர் உறையும் குளிர். முட்டையை ஒரு சில நிமிடம் விட்டு அகன்றாலும் ஆபத்து.

வட அமெரிக்கக் காக இனங்களில் பொதுவாகத் தாய் மட்டுமே அடைகாக்கும். தந்தை இரை தேடிக் கொண்டுவந்து ஊட்டும். கொட்டை உடைப்பானில் தந்தையும் அடைகாக்கிறது. அடைகாப்பதற்காகத் தாய்ப் பறவையின் வயிற்றில் இறகு உதிர்ந்து வெற்றுத் தோல் தோன்றுமே, அது ஆணுக்கும் தோன்றுகிறது. காரணம் என்ன தெரியுமா? தாய் புதைத்த இடம் தாய்க்குத்தான் தெரியும்; தந்தை புதைத்த இடம் தந்தைக்குத்தான் தெரியும். ஒருவர் களஞ்சியத்தின் சாவி மற்றவரிடம் இல்லை! ஆகவே இருவரும் முறை வைத்துக்கொண்டு, ஒருவர் கூட்டில் இருக்க மற்றவர் தம் சேமிப்பை எடுக்கப் போகிறார்கள் என்று அறிஞர்கள் விளக்குகிறார்கள். இதை வீட்டில் சொன்னபோது, ஒரு தோழியின் அம்மா, "நம் வீட்டில் அஞ்சறைப் பெட்டி எங்கே இருக்கிறது என்றே அப்பாவுக்குத் தெரியாதே" என்றார்களாம்.

பதினெட்டு நாள் அளவில் குஞ்சு பொரிக்கும். அடுத்த மூன்று வாரத்தில் குஞ்சுகள் கூட்டை விட்டு வெளியே வரும். அதுவரையும் அதற்குப் பிறகும் அவற்றுக்குப் பெற்றோர் ஊட்டுவது, சென்ற ஆண்டு புதைத்து வைத்த விதைகளின் பருப்பைத்தான். ஓட்டை உடைத்து, பருப்பை எடுத்து ஊட்டும். பூச்சிகள் கிடைத்தால் அவையும் உண்டு. குஞ்சுகள் பல வாரங்கள் பெற்றோரைப் பின்தொடர்ந்து திரிகின்றன. இவ்வளவு சீக்கிரம் பிறந்ததன் பயன் ஆகஸ்டில் தெரியும். புது விதை முற்றும்போது இளம் பறவை சொந்தக் காலில் நின்று, தானும் கூம்பை உடைத்துப் புதைக்கப் பழகியிருக்கும். தாமதமாகப் பிறந்திருந்தால் வரும் பனிக்காலத்துக்குச் சேமிப்பு இல்லாமல் நிற்க வேண்டியதுதான்.

எல்லா ஆண்டும் விளைச்சல் ஒரே மாதிரி இராது. கூம்பே காய்க்காத ஆண்டுகளில் இப்பறவைகள் கூட்டம் கூட்டமாக மலையை விட்டிறங்கி, வழக்கமாகக் காணப்படாத தாழ்ந்த இடங்களுக்குக்கூட வந்துவிடும். உல்லாசப் பயணிகள் கூடும் மலைப் பூங்காக்களில் பயமின்றி மேசைமேல் வந்து ரொட்டியைக் கவர்வதும் உண்டு. காக குணம் எங்கே போகும்? நம் நாட்டு இமயமலைக் காடுகளிலும் இதன் பங்காளி இனங்கள் இருக்கின்றன. ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலையிலும் சைபீரியாவிலும்கூட உண்டு. அங்கேயும் சிறகில்லாத விதையுள்ள பைன் மரங்களை அவையே பரப்புகின்றன.

இப்போது மரத்திடம் திரும்புவோம். பறவை புதைப்பது தன் தேவையைப்போல் இரண்டு மூன்று மடங்கு. எலி திருடும், பனி ஆழமாக மூடும், சிலவற்றுக்குத் தேவையே வராது. ஆகவே எல்லா விதையையும் அது எடுப்பதில்லை. எடுக்காமல் விட்டவை, சரியான ஆழத்தில், வெயில் படும் சரிவில், மண்ணுக்குள் காத்திருக்கின்றன. பனி உருகியதும் முளைக்கின்றன. சில விதைகள் இரண்டாம் ஆண்டிலும் அதற்குப் பிறகும் நிதானமாக முளைக்கும். வெண்பட்டைப் பைன்கள் பல இடங்களில் ஒரே அடியிலிருந்து மூன்று நான்காகக் கொத்தாக நிற்பதைக் காணலாம். ஒரு குழியில் பறவை வைத்த மூன்று நான்கு விதைகளும் சேர்ந்து முளைத்தவை பல அவற்றில் உண்டு. மலையே எரிந்துபோனாலும் பறவை நிற்பதில்லை. எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் 1988-ஆம் ஆண்டு பெருந்தீ பரவிப் பெரும் பரப்புக் காடு கருகியது. கருகிய வெட்டவெளியில் பின்னர் வெண்பட்டைப் பைன் கன்றுகள் தலைதூக்கின. அவை பறவை கொண்டுவந்து புதைத்தவை. டயானா டாம்பேக் என்ற பெண் அறிஞர் இவற்றை ஆண்டுக் கணக்கில் பின்தொடர்ந்து ஆராய்ந்தார். எங்கள் தோட்டத்திலும் மழைக்குப் பிறகு மதிலோரம் ஒரு புளியங்கன்று எட்டிப் பார்த்தது. யார் மறந்தது என்பதில் ஐந்து பேருக்குள்ளும் இன்னும் வழக்கு நடக்கிறது.

இந்த மரத்தை நம்பி வேறு பிராணிகளும் இருக்கின்றன. செந்நிற அணில்கள் கூம்புகளைக் கடித்து வீழ்த்தித் தம் குவியலில் சேர்க்கின்றன. எல்லோஸ்டோன் பக்கத்துக் கிரிஸ்லி கரடிகள் குளிர்கால உறக்கத்துக்கு முன் அந்தக் குவியல்களைக் கொள்ளையடித்துக் கொழுக்கின்றன. ஆனால் குவியலில் கிடக்கும் விதை மரமாவதில்லை. மரமாக்குவது பறவை ஒன்றுதான்.

இனிச் சொல்லப்போவது வருத்தமான செய்தி. 1910-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டிலிருந்து பைன் நாற்றுகள் கப்பலில் கனடாவின் வான்கூவர் நகருக்கு வந்தன. அவற்றோடு ஒரு பூஞ்சை நோயும் வந்து இறங்கியது. பட்டையில் கொப்புளம் கிளம்பி, அதிலிருந்து துருவைப்போல் மஞ்சள் தூள் பறக்கும். அதனால் கொப்புளத் துருநோய் என்று பெயர். அது மலை மலையாகப் பரவியது. இந்த நோயின் கொடுமை என்னவென்றால், அது மரத்தைச் சட்டென்று கொல்வதில்லை. பல மரங்களில் முதலில் உச்சிக் கிளைகள் காய்கின்றன. வெண்பட்டைப் பைன் காய்ப்பதே உச்சிக் கிளைகளில்தான். எனவே மரம் பசுமையாக நிற்கும், ஆண்டுக் கணக்கில் நிற்கும், ஆனால் காய்க்காது. பிறகு, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் குளிர் குறைந்த ஆண்டுகள் வந்தபோது, முன்பு உயரத்துக் குளிரில் செத்துப்போன பைன் வண்டுகள் பிழைத்துப் பெருகி, பெரிய மரங்களைத் துளைத்து வீழ்த்தின. 2016-ஆம் ஆண்டு நிலவரப்படி அமெரிக்காவில் நிற்கும் வெண்பட்டைப் பைன்களில் பாதிக்குச் சற்று அதிகமானவை, நூற்றுக்கு 51, உயிரற்ற மரங்கள். கனடா 2012-இல் இதை அழியும் நிலையில் உள்ள இனமாகச் சட்டப்படி அறிவித்தது. அமெரிக்கா 2022 டிசம்பரில் அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாகப் பட்டியலில் சேர்த்தது.

அப்படியானால் கொட்டை உடைப்பானும் அழிந்துவிடுமா என்றுதான் நாங்களும் முதலில் பயந்தோம். பறவைக்கு அந்த அளவு ஆபத்து இல்லை. அது லிம்பர் பைன், பின்யோன் பைன், பாண்டரோசா பைன், டக்ளஸ் பர் என்று வேறு மர விதைகளையும் தின்னும். ஓரிடத்தில் இல்லை என்றால் வேறிடம் பறக்கும். பயப்பட வேண்டியது மரத்துக்காகத்தான். 2009-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி இதை எண்ணிக்கையில் காட்டுகிறது. ஒரு ஹெக்டேருக்கு ஏறக்குறைய 1,000 கூம்புகளாவது காய்த்திருந்தால்தான் கொட்டை உடைப்பான்கள் வந்து விதை எடுத்துப் புதைக்கும் என்று உறுதியாக எதிர்பார்க்கலாமாம். அதற்குக் குறையக் குறைய, பறவை வருவது குறைகிறது. பறக்கும் செலவுக்குக் கட்டுப்படியாகாத சந்தைக்கு அது ஏன் வரவேண்டும்? வந்தாலும், கொஞ்சமே இருப்பதால் புதைத்ததை எல்லாம் எடுத்துத் தின்றுவிடும். முளைக்க மிச்சம் இராது. பறவைக்கு மரங்கள் பல. மரத்துக்குப் பறவை ஒன்றே. இந்த வேறுபாட்டை நாங்கள் படித்தபோது வகுப்பில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

மனிதர்கள் சும்மா இருக்கவில்லை. சுற்றிலும் மரங்கள் நோயால் மடிந்த காட்டில், ஒன்றிரண்டு மரங்கள் மட்டும் நோயை எதிர்த்து நிற்கின்றன. வனத்துறையினர் அவற்றைத் தேடிக் கண்டுபிடிக்கிறார்கள். கோடையின் தொடக்கத்தில் கயிறு கட்டி உச்சிக்கு ஏறி, முற்றாத கூம்புகளைக் கம்பிவலைக் கூண்டு போட்டு மூடிவிட்டு இறங்குகிறார்கள். யாரிடமிருந்து காப்பாற்ற? அணிலிடமிருந்தும், நம் கொட்டை உடைப்பானிடமிருந்தும்தான்! இல்லாவிட்டால் விதை முற்றும் முன்பே கொத்திப் போய்விடும். இலையுதிர் காலத்தில் மறுபடியும் ஏறிக் கூண்டோடு கூம்புகளைப் பறித்து, விதை எடுத்து, நாற்றங்காலில் வளர்த்து, எந்தக் கன்று நோயைத் தாங்குகிறது என்று சோதித்துப் பார்த்து, மலைமேல் கொண்டுபோய் நடுகிறார்கள். பறவை கூலியின்றிச் செய்த வேலையை மனிதர் நாற்று நாற்றாகச் செய்ய வேண்டியிருக்கிறது.

நட்ட கன்று காய்க்கத் தொடங்க இருபது முப்பது ஆண்டுகள் ஆகும். நிறையக் காய்க்க அறுபது எண்பது ஆண்டுகள். வளையமிட்டு விட்டு ஆராய்ந்ததில், நீண்ட நாள் வாழ்ந்ததாக அறியப்பட்ட கொட்டை உடைப்பானின் வயது பதினேழு. எனவே இந்த ஆண்டு நடும் கன்றில் கூம்பு திரளும்போது அதைத் தட்டிப் பார்க்க வரப்போவது, இன்று கூண்டுக்கு வெளியே உட்கார்ந்து கத்திக்கொண்டிருக்கும் பறவை அன்று. அதன் பேரன் பேத்திகளுக்கும் பேரன் பேத்திகள்.